மரச்சீனி: அரிசி இல்லாத நாளில் அடுப்பேறிய கிழங்கு

1/
இராஜாக்கமங்கலம் பக்கம் யார் வீட்டுக்கு வந்தாலும் ஒரு நாளாவது இந்தச் சாப்பாடு கிடைக்கும்: தேங்காய் அரைச்சுப் போட்டு மயக்கிய மரச்சீனி, கூடவே சாளை மீன் புளிமுளம். "இதுதான் உங்க பாரம்பரியச் சாப்பாடா?"ன்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. ஆமா, பாரம்பரியம்தான். ஆனா அதோட வயசு ஏறக்குறைய 140 வருஷம். அரிசிக்கு மாற்றா வந்த சாப்பாடு அது.

2/
அந்த மாற்று எப்படி நடந்தது, நம்ம அடுக்களை அதை எப்படிச் சமாளிச்சது, அதுக்குப் பிறகு நாங்க டாக்டர்மார் இந்தக் கிழங்கு மேல என்னென்ன பழி போட்டோம், அதில் எது நின்றது, எது நிற்கலை. இதுதான் இன்றைய இழை. கொஞ்சம் நீளம். சாவகாசமா வாசிங்க.

3/
மாற்றுச் சமையல் என்றதும் ஊர் விட்டுப் போனவங்கதான் நினைவுக்கு வருவாங்க. பிரிட்டன் மருத்துவமனைகளில் பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் நிறைய பேர் வேலை பார்க்கிறாங்க. அவங்க ஊர்ல சினிகாங் என்று ஒரு புளிக்குழம்பு. கலமன்சி என்று ஒரு சின்ன எலுமிச்சை. அங்கே புளி கிடைக்கலைன்னா எலுமிச்சைச்சாறு, கலமன்சி இல்லைன்னா கடையில் கிடைக்கும் லைம். ஊர் மாறினது, பொருளும் மாறியது.

4/
நமக்கு நடந்தது நேர் தலைகீழ். நாம ஊரிலேயேதான் இருந்தோம். அரிசிதான் நம்மை விட்டுப் போனது. அந்த இடத்துக்குக் கடல் கடந்து ஒரு கிழங்கு வந்து உட்கார்ந்தது.

5/
அந்தக் கிழங்கின் தாய்நாடு தென் அமெரிக்கா, அமேசான் பக்கம். போர்த்துகீசியக் கப்பல்கள் வழியா மலபார்க் கரைக்கு வந்தது. பிலிப்பைன்சுக்கு மெக்சிகோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்களில் போனது. அங்கே அதுக்குப் பேர் கமோத்தெங் காஹொய். கமோத்தே என்றால் சீனிக்கிழங்கு, காஹொய் என்றால் மரம். நம்ம சீனிக்கிழங்கையும் மரச்சீனியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. இரண்டு கடற்கரைக்கும் ஒரே மாதிரிதான் தோன்றியிருக்கு!

6/
தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு என்று பல பேர். மலையாளத்தில் கப்பை. நம்மூரில் "கிழங்கு" என்று மொட்டையாச் சொன்னாலே அது மரச்சீனிதான்.

7/
வந்து சேர்ந்ததும் யாரும் அதை அள்ளித் தின்னுடலை. பல காலம் அது ஓரமாகவே கிடந்தது. அதை அடுப்புக்குக் கொண்டு வந்தவர் என்று வரலாறு சொல்லும் பேர், திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் ராமவர்மா. ஆட்சிக்காலம் 1880 முதல் 1885 வரை. ஐந்தே வருஷம். செடி கொடிகளில் ஆர்வம் உள்ளவர்.

8/
நல்ல இனக் கம்புகளை வரவழைச்சு மக்களை நடச் சொன்னார். விஷக் கிழங்கு என்று ஜனங்கள் பயந்தாங்க என்றும், அரண்மனையிலேயே வேகவைத்து ராஜா தின்னு காட்டினார் என்றும் ஒரு கதை சொல்வாங்க. கதையில் எவ்வளவு கை, கால் சேர்ந்ததோ தெரியாது. ஆனா அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஏன்னு கீழே சொல்றேன்.

9/
ராஜாவுக்கு ஏன் இந்த அவசரம்? 1876 முதல் 1878 வரை நடந்த பெரும்பஞ்சம் பக்கத்து மதராஸ் மாகாணத்தைச் சூறையாடி முடிச்சிருந்த நேரம் அது. திருவிதாங்கூரில் மக்கள்தொகை கூடிக்கொண்டே போனது. நிலமோ மேடும் பள்ளமும். நெல் விளையும் இடம் குறைவு.

10/
நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கோங்க. தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டும் சேர்ந்தது நாஞ்சில் நாடு. பழையாற்றுப் பாசனம், குளங்கள், வயல்கள். 1897இல் தொடங்கி 1906இல் முடித்த பேச்சிப்பாறை அணை வந்தபிறகு தண்ணீருக்கு இன்னும் பலம். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பேர். மேற்கே கல்குளம், விளவங்கோடு: செம்மண், சரிவு, மானாவாரி. நெல்லுக்கு ஒத்துவராத அந்தச் சரிவுதான் மரச்சீனிக்கு மெத்தை.

11/
கம்பை ஒடிச்சு மண்ணில் ஊன்றினால் போதும், 8 முதல் 10 மாதத்தில் கிழங்கு. வயல் வேண்டாம், வாய்க்கால் வேண்டாம். அவசரம் இல்லைன்னா பறிக்காம மண்ணுக்குள்ளேயே சில மாதம் விட்டும் வைக்கலாம். ஏழை வீட்டுக்கு இதைவிட நல்ல பத்தாயம் எது? ஆனா பறிச்சுட்டா இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும். அதனால்தான் சீவி, வேகவைத்து, காயப்போட்டு வைக்கும் பழக்கமும் கூடவே வந்தது.

12/
அரிசி தின்கிற வீடு, கிழங்கு தின்கிற வீடு என்று ஒரு ஏற்றத்தாழ்வும் கூடவே வந்தது. வயல் வைத்திருந்தவர் இலையில் சோறு. வயலில் வேலை பார்த்தவர் சட்டியில் கிழங்கு. இராஜாக்கமங்கலம் மாதிரி ஊர்களில் ஒரு பக்கம் கடல், நடுவில் தென்னந்தோப்பு, உள்ளே வயல். அதனால் இரண்டு வீடும் ஒரே தெருக்கோடியில் இருந்தது.

13/
நாஞ்சில் நாட்டு நெல் மட்டும் திருவிதாங்கூர் முழுக்கச் சோறு போடப் போதாது. தென்னை, மிளகு, தேயிலை, ரப்பர் என்று காசுப்பயிர் பெருகப் பெருக, அரிசிக்கு வெளியூரை நம்ப வேண்டியதாச்சு. முக்கியமா பர்மாவை. ரங்கூனிலிருந்து கப்பல் வந்தால்தான் பல வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலை.

14/
1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. கப்பல் நின்றது. அரிசி நின்றது.

15/
அதற்குப் பிறகு வந்தது திருவிதாங்கூரின் பஞ்சகாலம். நாம பள்ளிக்கூடத்தில் வங்கப் பஞ்சத்தைப் படிக்கிறோம், இதைப் படிப்பதில்லை. கே.ஜி. சிவசாமி குழுவினர் 1943–44இல் இங்கு நிலவிய பஞ்சத்தையும் அதனால் வந்த ஊட்டக்குறை நோய்களையும் ஆய்ந்து 1945இல் புத்தகமாகவே போட்டாங்க. கயிற்றுத் தொழிலாளர் நிறைந்த சேர்த்தலை வட்டாரம் மிக மோசமா அடிபட்டது.

16/
அந்த நாட்களில் அரிசி ரேஷன். மிச்ச வயிற்றை நிரப்பினது கிழங்கு. அறுபது வருஷம் முன்னால் ராஜா நடச் சொன்ன கம்பு அப்போது பல உயிரைப் பிடிச்சு நிறுத்தியது. நம்மூர்ப் பக்கம் மட்டும் இல்லை. ஜப்பான் பிடியில் இருந்த மலேயாவில் தோட்டத் தமிழர்களும் அதே கிழங்கைத் தின்றுதான் 1945 வரை காலம் தள்ளினாங்க.

17/
இங்கே ஒரு கிளைக்கதை. ஜவ்வரிசி என்ற பேரே ஜாவா அரிசி என்பதிலிருந்து வந்ததுதான். அசல் ஜவ்வரிசி சேகோ பனையின் சோற்றிலிருந்து எடுப்பது. கடல்தாண்டி வந்த அந்தச் சரக்கும் யுத்தத்தில் நின்றது. அந்த நெருக்கடியில்தான் 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவை உருட்டி ஜவ்வரிசி செய்யத் தொடங்கினாங்க. இன்றைக்கு உங்க பாயசத்தில் மிதப்பது அந்த மாற்று ஜவ்வரிசி. யாராவது அதை மாற்று என்று நினைக்கிறோமா?

18/
சரி, இப்போ டாக்டர் வேஷம் போட்டுக்கறேன். ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது சமையலில் சுலபம். உடம்புக்குள்ளே அப்படி இல்லை. பழைய பொருள் என்னென்ன சுமந்து வந்ததோ அதையெல்லாம் புதுப் பொருளும் சுமக்கணும். இல்லைன்னா வேறு யாராவது சுமக்கணும்.

19/
கணக்கு பாருங்க. 100 கிராம் அரிசியில் சுமார் 360 கலோரி, 7 கிராம் புரதம். 100 கிராம் பச்சை மரச்சீனியில் 160 கலோரி, 1.4 கிராம் புரதம். அதே 360 கலோரிக்குக் கிழங்கு தின்றால் கிடைக்கும் புரதம் 3 கிராம் சொச்சம். அரிசியில் பாதி கூட இல்லை. கொழுப்பு ஏறத்தாழ பூஜ்யம். வயிறு நிறையும், உடம்பு நிறையாது.

20/
இரண்டாவது சிக்கல், அந்தப் பழைய பயம். மரச்சீனியில் லினமரின் என்று ஒரு பொருள். வெட்டினாலோ நசுக்கினாலோ கிழங்கிலேயே இருக்கும் ஒரு நொதி அதோடு சேர்ந்து, கடைசியில் சயனைடு வெளிப்படும். எலியும் பூச்சியும் தின்னாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் காவல் இது. கசப்பு இனங்களில் அதிகம், நாம தின்னும் இனங்களில் குறைவு. உள்தோலில் சதையைவிட அதிகம்.

21/
இப்போ உங்க வீட்டு அம்மாச்சி கிழங்கு வேகவைத்ததை நினைச்சுப் பாருங்க. தோலோடு அந்த இளஞ்சிவப்புப் பட்டையையும் உரிச்சு எடுப்பாங்க. சின்னத் துண்டா வெட்டுவாங்க. நிறையத் தண்ணி விட்டு, மூடாம கொதிக்க விடுவாங்க. பிறகு அந்தத் தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டுத்தான் உப்பும் தேங்காயும். கசந்தால் தூக்கி எறிவாங்க.

22/
ஒவ்வொரு படியிலும் வேதியியல் இருக்கு. லினமரின் தண்ணீரில் கரையும், வேகவைத்தால் மட்டும் சிதையாது. அதனால் வடித்துக் கொட்டுவதுதான் முக்கியம். வெளிப்பட்ட சயனைடோ 26 டிகிரியிலேயே ஆவியாகும், அதனால் திறந்த பானை. ஆய்வுக்கூடம் பார்க்காத பொம்பளைங்க ஒன்றிரண்டு தலைமுறைக்குள்ளே இதைக் கண்டுபிடிச்சு, பிள்ளைகளுக்குக் கைமாற்றி விட்டாங்க.

23/
மூன்றாவது, மீன். கொஞ்சநஞ்சம் உள்ளே போகும் சயனைடை உடம்பு தயோசயனேட் ஆக்கி மூத்திரத்தில் வெளியேற்றும். அதுக்குக் கந்தகம் வேணும். அந்தக் கந்தகம் புரதத்தில் உள்ள மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களிலிருந்து வரணும். கிழங்கில் அது இல்லை. சாளையில் இருக்கு, நெத்தோலியில் இருக்கு. 100 கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம். தயோசயனேட் தைராய்டுக்கு அயோடின் போவதைத் தடுக்கும். கடல்மீனில் அயோடினும் உண்டு.

24/
அதாவது கிழங்கு அரிசியின் இடத்துக்குத் தனியா வரலை. கடவத்தில் மீன் சுமந்து உள்ளூர்களுக்கு நடந்த மீன்காரப் பெண்கள், கிழங்கு விளைந்த சரிவையும் மீன் பிடித்த கரையையும் சேர்த்துக் கட்டினாங்க. அரிசிக்கு மாற்று மரச்சீனி இல்லை. மரச்சீனியும் மீனும் தேங்காயும் வடித்துக் கொட்டிய தண்ணியும் சேர்ந்ததுதான் மாற்று.

25/
இதில் ஒன்றை உருவினால் என்ன ஆகும்? 1981, மொசாம்பிக், நம்புலா பகுதி. கடும் வறட்சி. கசப்பு மரவள்ளி மட்டும்தான் பாக்கி. பசியின் அவசரத்தில் நாள்கணக்கில் காயவைத்துப் பதப்படுத்தப் பொறுமை இல்லை. கூடச் சேர்த்துக்கொள்ள மீனோ பயறோ இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், திடீரென்று இரண்டு காலும் விறைத்து நடக்க முடியாமல் போனது.

26/
அப்போது அங்கே வேலை பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹான்ஸ் ரோஸ்லிங். பின்னாளில் புள்ளிவிவரங்களை வைத்து உலகத்துக்குக் கதை சொன்ன அதே ரோஸ்லிங். அந்த நோயின் பேர் கொன்சோ. காங்கோ மொழி ஒன்றில் கட்டுண்ட கால் என்று பொருள். குற்றவாளி வெறும் கிழங்கு மட்டும் இல்லை, பஞ்சமும் சேர்ந்தது.

27/
நம்மூருக்கு வருவோம். 1920களில் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு ஒரு அறுவை மருத்துவர் வந்தார். டி. ஹோவர்ட் சோமர்வெல். 1922, 1924 இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் போனவர். இங்கே அவர் பார்த்தது வயிற்றுப்புண், குறிப்பா முன்சிறுகுடல் புண், கூட்டம் கூட்டமாக. அதற்கு அவர் செய்த அறுவை சிகிச்சைகள் ஏராளம். அவருடைய அனுபவம் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்களில் வந்தது.

28/
அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரச் சாப்பாட்டையும் கொடுத்துச் சோதித்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனிச் சாப்பாடு தின்ற எலிகளுக்கு வயிற்றுப்புண் வந்தது. அவ்வளவுதான், கிழங்கு மேல முதல் வழக்கு பதிவாச்சு.

29/
1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினாங்க. வயிற்றுப்புண்ணுக்குப் பெரிய காரணம் அதுதான். 2005இல் நோபல் பரிசு. சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்லலை. ஆனா முதல் குற்றவாளி கிழங்கு இல்லை.

30/
இரண்டாவது வழக்கு இன்னும் பெரிசு: கணையம். சின்ன வயசிலேயே விட்டு விட்டு வயிற்றுவலி, வாலிபத்தில் சர்க்கரை நோய், எக்ஸ்ரே எடுத்தால் கணையம் முழுக்கக் கல். 1959இல் இந்தோனேசிய நோயாளிகளிடம் இதை ஸுய்டெமா விவரிச்சார். 1960களில் கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். பெரும்பாலோர் ஏழைகள், கிழங்கு தின்றவர்கள். சயனைடுதான் கணையத்தைக் கெடுக்குதோ என்ற சந்தேகம் வந்தது.

31/
சந்தேகம் நியாயமானது. ஆனா பிறகு ஓட்டைகள் தெரிந்தன. கிழங்கே தின்னாத ஊர்களிலும் அதே நோய். கிழங்கே முக்கிய உணவான ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அது அரிது. எலிச் சோதனைகள் ஒத்துழைக்கலை. 2000க்குப் பிறகு எஸ்.பி.ஐ.என்.கே.1 என்ற மரபணு மாற்றத்துக்குப் பங்கு இருப்பது தெரிந்தது. இன்றைக்கு எந்தப் பொறுப்பான டாக்டரும் "கிழங்கு தின்றதால் கணையத்தில் கல்" என்று உறுதியாகச் சொல்ல மாட்டார்.

32/
உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஊட்டக்குறை சார்ந்த நீரிழிவு என்று ஒரு வகை வைத்தது. 1999இல் அதை எடுத்துவிட்டது. 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு, மெலிந்த, வளரும் வயதில் பட்டினி கிடந்தவர்களுக்கு வரும் நீரிழிவை டைப் 5 என்று மறுபடி ஏற்றுக்கொண்டது. கணையக்கல் நோய் வேறு, இது வேறு. ஆனா ஒன்று கவனிங்க: இந்த முறை நோயின் பக்கத்தில் எழுதப்பட்ட காரணம் கிழங்கு இல்லை, பட்டினி.

33/
இதைத்தான் சொல்ல வந்தேன். மாற்றுச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை தண்டனை. முதலில் ஏழைச் சாப்பாடு என்று இளக்காரம். பிறகு ஏழைக்கு வந்த நோய்க்கெல்லாம் பழி. மீன் வாங்கக் காசில்லாத வீட்டில் கிழங்கு மட்டும் தின்றவர் மெலிந்தார். நாங்க தட்டில் இருந்ததைப் பார்த்தோம், இல்லாததைப் பார்க்கலை.

34/
இப்போ கிளினிக்கில் தினமும் வரும் கேள்வி: "டாக்டரே, சர்க்கரை உண்டு. கிழங்கு திங்கலாமா?" சிலர் கிழங்கை அறவே விட்டுட்டு மூன்று வேளையும் சோறும் இட்லியும் தின்னுவாங்க. அதில் என்ன லாபம்? 250 கிராம் கிழங்கில் சுமார் 95 கிராம் மாவுச்சத்து. ஏறத்தாழ 120 கிராம் அரிசிக்குச் சமம். தட்டு நிறையத் தின்றால் சர்க்கரை ஏறும், சோறானாலும் கிழங்கானாலும்.

35/
அதனால் என் கணக்கு இது:
- தட்டில் கால் பங்கு கிழங்கு போதும். அன்றைக்கு அதுதான் சோறு. சோற்றோடு தொடுகறியா வேண்டாம்.
- மீன் இரண்டு துண்டு, கூட ஒரு காய். மீன் தின்னாதவங்க பயறு.
- சிறு துண்டா வெட்டி, திறந்த பானையில் வேகவைத்து, தண்ணியை வடிச்சுக் கொட்டணும். குக்கரில் தண்ணி வற்ற விட்டு எடுக்க வேண்டாம்.
- கசந்தால் துப்பிருங்க. பச்சையாத் தின்னக் கூடாது.
- மருந்தோ இன்சுலினோ எடுக்கிறவங்க அளவை உங்க டாக்டரிடம் கேட்டுக்கோங்க.

36/
இப்போ நம்ம பிள்ளைகள் துபாயிலும் லண்டனிலும் உறைய வைத்த மரவள்ளிப் பொட்டலம் வாங்கி, டப்பாச் சாளையில் புளி விட்டுக் கறி வைக்கிறாங்க. அரிசிக்கு மாற்றா வந்த கிழங்குக்கே இப்போ மாற்று தேடுறோம். நல்லதுதான். ஆனா கிழங்கோடு மீனையும், வடிக்கும் பழக்கத்தையும் சேர்த்தே கொண்டுபோங்க.

37/
உங்க வீட்டில் பஞ்சகாலத்துக் கிழங்குக் கதை ஏதாவது உண்டா? 1940களைப் பார்த்தவங்க இன்னும் சில வீட்டில் இருக்காங்க. கேட்டு எழுதுங்க. எப்படி வெட்டினாங்க, எத்தனை தண்ணி மாற்றினாங்க, கூட என்ன வச்சாங்க என்றெல்லாம் கேளுங்க. அவங்களோடு சேர்ந்து அதுவும் போயிடக் கூடாது.